பாகாயத்துச் சுவர்

ஆம்பூர்
13 ஜூலை 2025, ஞாயிறு

மெர்சிக்கு,

போனை எடுத்தால் இரண்டாவது நிமிஷமே சண்டை வருகிறது, இனிமேல் சொல்ல வேண்டியதை எழுதி அனுப்பு, பாதிக் கோபமாவது பேனாவோடு போகட்டும் என்று நீதான் சொன்னாய். எனக்குக் கோபமே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். நாள் முழுக்க ஷூவுக்குப் பேட்டர்ன் வரைகிற கை இது, வளைவு நன்றாக வரும், எழுத்துதான் கோணும். சிரிக்காதே.

வண்டி வந்துவிட்டது! மழைக்கு முந்தின வானம் மாதிரி ஒரு நிறம் சொன்னாயே, அதே நிறம். ஷோரூமிலிருந்து ஓட்டி வரும்போது ஒரு சத்தம் இல்லை மெர்சி. ஹைவேயில் லாரிகள் எல்லாம் என்னவோ கத்திக்கொண்டு போகின்றன, நான் மட்டும் படகில் போகிறவன் மாதிரி போகிறேன். பாலாற்றுப் பாலம் வந்ததும், கீழே தண்ணீர் ஓடுவதாகவே நினைத்துக்கொண்டேன். மணல்தான். இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

அம்மா வாசலுக்கு வந்து பானெட்டில் காதை வைத்துக் கேட்டாள். "இன்னாடா இது, ஓடுதா, நின்னுபூட்டுதா?" என்கிறாள்.

இப்போது சார்ஜர் விஷயம். வண்டியோடு ஒரு ஒயர் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் ஏ.சி.க்கு இருக்கிற மாதிரி பெரிய பிளக் இருந்தால் அதில் சொருகலாம், ராத்திரி முழுக்க மெல்ல ஏறும். அதைப் பையில் சுருட்டி டிக்கியில் போட்டுவிட்டேன், இப்போதைக்கு ஷூ கம்பெனியில் சொருகிக்கொள்வேன். அது இல்லாமல், சுவரில் மாட்டுகிற பெட்டி ஒன்று வரும். அதில் போட்டால் சாயங்காலம் சொருகி, சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடுவதற்குள் நிரம்பிவிடும். கம்பெனி ஆளே வந்து பொருத்தித் தருவார், ஒரே ஒரு தடவை. அப்புறம் இடம் மாற்றினால் நம் பாடு.

நம் தெரு எலக்ட்ரீஷியன் சர்தார் பாஷா வந்து மீட்டரைப் பார்த்தார். "லோடு கம்மியா வாங்கி வெச்சிருக்கீங்க தம்பி, ஜாஸ்தி பண்ணணும். எர்த்துக்குத் தனியா ஒரு குழி தோண்டணும். எர்த் இல்லன்னா இந்த வண்டி ஒரு சொட்டு கரண்ட் குடிக்காது, அடம் புடிக்கும்" என்றார். உன் ஞாபகம் வந்தது.

இரண்டு சுவர் இருக்கிறது. ஒன்று கேட்டுப் பக்கம், உன் மல்லிக்கொடி ஏறியிருக்கிற சுவர். இன்னொன்று எதிர்ப்பக்கம், பைப்படிச் சுவர். எந்தச் சுவர் என்று நீ சொல். உன்னைக் கேட்காமல் ஒரு ஸ்க்ரூ இறங்காது.

வேந்தன்


ஒடுகத்தூர்
20 ஜூலை 2025

வேந்தா,

உன் அம்மா எதிரில்தான் உனக்கு 'வாங்க, போங்க' எல்லாம். காகிதத்தில் கிடையாது.

எந்தச் சுவர் என்று கேட்டிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். எந்த வீடு என்று கேட்டாயா?

ஆறு வருஷம் காத்திருந்து கிடைத்த அரசாங்க நர்ஸ் வேலை இது. மார்ச்சில் இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டார்கள். ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், நீ சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "அவ்ளோ தூரம் எதுக்கு, வுட்டுடு" என்றாய். காபி கொடுத்துக்கொண்டே சொன்னாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெட்டியை எடுத்தேன், பஸ் ஏறினேன். இங்கே துரைசாமி என்கிற விவசாயி வீட்டு மாடியில் ஒரு அறை. ஜன்னலைத் திறந்தால் வேர்க்கடலைக் கொல்லை, அதற்குப் பின்னால் மலை. அழகுதான். தனியாக எவ்வளவு நாள் மலையைப் பார்ப்பது?

நான் இந்த மூலை, நீ அந்த மூலை. நடுவில் பாகாயம் இருக்கிறது. நான் நர்சிங் படித்த ஊர். நீ என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் காலேஜ் மதிலை ஒட்டி நடந்துபோய், இது நம்ம வீடு, வேணாம் அது நம்ம வீடு என்று ஊரான் வீட்டையெல்லாம் நமக்கு எழுதிக்கொண்டோமே, மறந்துவிட்டதா? அங்கே இருந்தால் எனக்கு இங்கே வர நேர் பஸ். உனக்கு ஹைவே பிடித்தால் ஆம்பூர்.

ஆம்பூர்ச் சுவரில் அந்தப் பெட்டியை மாட்டினாய் என்றால், நான்தான் வேலையை விட்டு அங்கே வர வேண்டும் என்று நீ தீர்மானித்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன். நாம் ஒரே கூரைக்குக் கீழே இருக்கப் போகிறோமா இல்லையா? முதலில் அதைச் சொல். அப்புறம் சுவரைத் தட்டு.

உன் வண்டி நேற்று என் கனவில் வந்தது. கடலைக் கொல்லை நடுவில், ஒரு செடிகூட மிதிபடாமல், சத்தமில்லாமல் வந்து நின்றது. ஸ்டியரிங்கில் ஆள் இல்லை. கதவு தானாகத் திறந்தது. உள்ளே மல்லி வாசனை. ஏறி உட்கார்ந்து, எங்கே போகிறோம் என்று கேட்டேன். வண்டிக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

மெர்சி

பி.கு.: என் கொடியில் கை வைத்தால் தெரியும் சேதி.


ஆம்பூர்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

உன் கடிதத்தை லஞ்ச் டயத்தில் கேன்டீனில் படித்தேன். பக்கத்தில் இருந்த பாண்டியன், "இன்னா சார், பாஸ்போர்ட்டா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் பெண்டாட்டி கடிதம் போடுகிறாள் என்றால் எவன் நம்புவான்?

பாகாயம் மறக்கவில்லை. மஞ்சள் காம்பவுண்டு போட்ட வீடு ஒன்று இருந்ததே, வாசலில் ஒரு செம்பருத்தி. அதைத்தான் நீ கடைசியாக நமக்கு எழுதி வைத்தாய். எனக்குப் பக்கத்து வீடு வேண்டும் என்று நான் அழுதேன், அதில் மாமரம் இருந்ததால். நீ விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனால் மெர்சி, அம்மா இருக்கிறாளே. ஐம்பத்தாறு வயதாகிறது. இன்னும் ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனுக்குப் போய் வருகிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு வேன் கொண்டுவந்து இறக்கிவிட்டால், வீட்டில் லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் தெருவில் நடந்து வருவாள். அப்பா போன பிறகு அவளுக்கு நான் ஒருத்தன்தான். இதை அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உடைந்துபோவாள். கொஞ்சம் பொறு.

அது வரைக்கும் ஒன்று செய்வோம். அந்த மஞ்சள் வீட்டிலேயே சார்ஜரை மாட்டிப் பார்ப்போம், மனசுக்குள்தான். எனக்கு சாம்பிள் ரூமில் இதுதானே வேலை? தோலை வெட்டுவதற்கு முன்னால் அட்டையில் வெட்டிப் பார்க்கிறோம். தப்பு பண்ணினால் அட்டையோடு போகும்.

சொல், அங்கே எந்தச் சுவர்? மதிய வெயில் நேராக விழக் கூடாது, பெட்டி சூடாகும். மழைச் சாரலும் கூடாது. தரையிலிருந்து உன் தோள் உயரம் இருக்கட்டும், நீதான் முதலில் சொருகுவாய். எர்த் குழி செம்பருத்திக்குப் பக்கத்தில். பாஷா சொல்கிறார், குழியில் அடுப்புக்கரியும் உப்பும் போட்டு அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், மண் காய்ந்தால் எர்த் பிடிக்காதாம். செடிக்கு ஊற்றுகிற தண்ணீரே அதற்கும் போகட்டும்.

வேந்தன்


ஒடுகத்தூர்
17 ஆகஸ்ட் 2025

வேந்தா,

நீ பெரிய கில்லாடி. பதில் சொல்லாமல் விளையாட்டுக்கு இழுத்துவிட்டாய். நானும் போய் விழுந்துவிட்டேன், பார்.

கிழக்குச் சுவர். காலை வெயில்தான் அதில் விழும், பத்து மணிக்கு நிழல் வந்துவிடும். மேலே ஒரு தகரம் சாய்த்துப் போடலாம், மழைக்கு. ஒயர் மாட்டுவதற்கு ஒரு கொக்கி வேண்டும், தரையில் கிடந்தால் நான் தடுக்கி விழுவேன். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கமே இருக்கட்டும். பெட்டியில் ஒரு சின்னப் பச்சை லைட் எரியுமாமே, பாத்திரம் தேய்த்துக்கொண்டே அதைப் பார்ப்பேன்.

தடுப்பூசி போட வந்த குழந்தைகள் வரிசையில் கத்திக்கொண்டிருக்கின்றன, நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு தகரத்துக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மா அதட்டினாள்: "சிஸ்டர், குத்தப் போறீங்களா, இல்ல சாமியாடப் போறீங்களா?"

மறுபடியும் கனவு. இந்தத் தடவை வண்டி இல்லை, ஒயர் மட்டும். உன் வீட்டிலிருந்து புறப்பட்டு, தோல் டேனரிகளைத் தாண்டி, பாலாற்றைத் தாண்டி, மலை மேல் ஏறி இறங்கி என் ஜன்னல் வரைக்கும் வந்திருக்கிறது. துணி காயப்போடுகிற கொடி மாதிரி தொய்ந்து கிடக்கிறது. வழியெல்லாம் அதில் மல்லி படர்ந்திருக்கிறது. நான் நுனியைப் பிடித்துப் பார்த்தேன். சொருகுவதற்கு இங்கே ஒன்றும் இல்லை. எழுந்து உட்கார்ந்து அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

கனவு போதும். நிஜமாக ஒன்று சொல்கிறேன். பாகாயத்தில் எனக்குப் பாடம் எடுத்த தேவசகாயம் சார் தன் வீட்டின் கீழ்ப் பகுதியை வாடகைக்கு விடப்போகிறார். மஞ்சள் காம்பவுண்டு இல்லை, மாமரமும் இல்லை. சாதாரண வீடு. ஆனால் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, நம்மைப் பிடிக்கும் அவருக்கு. ஆயுத பூஜை லீவு வரைக்கும் வேறு யாருக்கும் தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். ஆயுத பூஜைக்கு மறுநாள் நீ உன் வண்டியில் இங்கே வா. இரண்டு பேரும் போய்ப் பார்ப்போம். வரும்போது ஒரு பதிலோடு வா. உண்டு என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி. இதற்கு மேல் நான் பொறுக்க மாட்டேன், வேந்தா.

மெர்சி


ஆம்பூர்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள மெர்சிக்கு,

முதலில் கோபப்படாமல் படி. பெட்டியை மாட்டிவிட்டார்கள். இங்கே.

நான் மாட்டவில்லை. போன வாரம் சனிக்கிழமை எனக்கு ஷிப்மென்ட் வேலை, அம்மாவுக்கு லீவு. சூரியபிரகாஷ் என்று கம்பெனி ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றுவிட்டான். இன்றைக்கு விட்டால் அடுத்து எப்போது வருவேன் என்று சொல்ல முடியாது என்றானாம். அம்மா போன் பண்ணினாள். நான் சாம்பிளை வாங்க வந்திருக்கிற வெள்ளைக்காரர் முன்னால் நிற்கிறேன். எங்கேயாவது மாட்டச் சொல்லு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பாஷாவும் ஓடி வந்து கூட இருந்தாராம். அப்போது லோடு ஏற்றிக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

கேட்டுப் பக்கம் மாட்டினால் ஒயர் மிச்சம் என்று அந்தப் பையன் சொல்லியிருக்கிறான். "அது மெர்சி பொண்ணு கொடி, அதும்மேல கை வெச்சின்னா கையை ஒடைப்பேன்" என்று அம்மா பைப்படிப் பக்கம் காட்டிவிட்டாளாம். அதனால் உன் கொடி பத்திரம். இந்த ஒரு நல்ல சேதிதான் என்னிடம் இருக்கிறது.

தற்காலிகம்தான் மெர்சி. நாலு ஸ்க்ரூதானே? கழற்றினால் வந்துவிடப் போகிறது.

அம்மாவுக்கு எர்த் குழி மேல் ஒரு பாசம். தினம் காலையில் பல் விளக்கியதும் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுகிறாள். "ஊத்தலன்னா வண்டிக்கு தாகம் எடுக்கும்" என்கிறாள். பச்சை லைட் எரிந்தால் அவளுக்கு ஒரு நிம்மதி. சேரை அங்கே போட்டு உட்கார்ந்து பூ கட்டுகிறாள்.

ஆயுத பூஜைக்கு மறுநாள், வியாழக்கிழமை, கட்டாயம் வருகிறேன். சத்தியம்.

வேந்தன்


ஆம்பூர்
2 அக்டோபர் 2025

மெர்சி,

'வண்டி ரிப்பேர், வர முடியவில்லை, எழுதுகிறேன்' என்று காலையில் உனக்கு மெசேஜ் போட்டேன். நீ பார்த்துவிட்டாய் என்று தெரிகிறது. பதில் போடவில்லை.

என்ன நடந்தது என்று சொன்னால் நீ சிரிப்பாயா, அடிப்பாயா தெரியவில்லை. நேற்று ஆயுத பூஜை. அம்மா விடியற்காலையிலேயே சந்தனம் குழைத்து வைத்துக்கொண்டாள். மிக்ஸிக்கு ஒரு பொட்டு, கிரைண்டருக்கு ஒரு பொட்டு, தையல் மெஷினுக்கு மூன்று, என் கத்தரிக்கோலுக்கு ஒன்று. வண்டிக்கு பானெட்டில் பெரிதாகப் பட்டை. பிறகு சார்ஜர் பெட்டிக்கு வந்திருக்கிறாள். பெட்டிக்கு வைத்தாள். அதோடு விட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். வண்டிக்குள் சொருகுகிற கைப்பிடி இருக்கிறதே, அதன் ரப்பர் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறாள். உள்ளே ஏழு துளை. வேலை செய்கிற இடம் அதுதானே என்று ஏழுக்கும் ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்து, மூடியை மூடிவிட்டாள். மெர்சி, அவ்வளவு அழகாக வைத்திருந்தாள். தையல்காரி கை அல்லவா, ஒன்றுகூட வெளியே வழியவில்லை.

முந்தின நாள் கம்பெனி பூஜைக்குப் பொரி, பூசணிக்காய், வாழைக்கன்று என்று ஏற்றி ஊரெல்லாம் சுற்றியதில் வண்டியில் சார்ஜ் அடிமட்டத்துக்கு வந்திருந்தது. சாயங்காலம் கைப்பிடியை எடுத்துச் சொருகுகிறேன், சிவப்பு லைட்! பச்சையே வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ஏழு பொட்டும் காய்ந்து கல்லாகி இருக்கிறது. பாஷா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "நானே நோண்டினா வாரன்ட்டி பூடும் தம்பி, லீவு முடிஞ்சி கம்பெனி ஆளு வரட்டும். பேஜாரு புடிச்ச வேலை" என்றார்.

அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நல்லா ஓடணும்னுதானே வெச்சேன், நல்லா ஓடணும்னுதானே" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். அப்புறம் திடீரென்று, "அந்தப் பொண்ணு காத்துக்கினு இருக்குமேடா" என்றாள். நீ கூப்பிட்டது அவளுக்கு எப்படித் தெரியும்? லீவுக்கு ஒடுகத்தூர் போகிறேன் என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

தேவசகாயம் சாரிடம் இன்னும் ஒரு வாரம் கேள்.

வேந்தன்


ஒடுகத்தூர்
7 அக்டோபர் 2025

வேந்தா,

ஏழு பொட்டுக்குச் சிரித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் எரிந்தது.

அத்தை செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நீ செய்ததைச் சொல்கிறேன், கேள். வண்டி ஓடவில்லை, சரி. பஸ் ஓடவில்லையா? இந்த வண்டி வருவதற்கு முன்னால் நீ பஸ்ஸில்தானே வந்தாய்? ஏப்ரலில் கூட்டத்தில் நசுங்கி, ஒரு கையில் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து இறங்கினாயே, அது யார்? என்னிடம் சீக்கிரம் வருவதற்காக வாங்கிய வண்டி, இப்போது வராமல் இருப்பதற்கு ஆகியிருக்கிறது.

இன்னொன்று. வண்டியோடு ஒரு ஒயர் கொடுத்தார்கள், டிக்கியில் கிடக்கிறது என்று முதல் கடிதத்தில் நீயே எழுதினாய். ராத்திரி முழுக்கப் போட்டால் ஏறும் என்று எழுதினாய். எர்த்தும் இப்போது இருக்கிறது. ஏன் போடவில்லை? மறந்துவிட்டாயா? நீ ஒரு மில்லிமீட்டர் தப்பினால் கண்டுபிடிக்கிறவன். மறக்கிற ஆள் இல்லை.

உனக்கு வரப் பயம். வந்தால் பதில் சொல்ல வேண்டும். சிவப்பு லைட்டைப் பார்த்ததும் உனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்திருக்கும். இல்லை என்று சொல் பார்க்கலாம்.

அன்றைக்கு நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு மாடியில் நின்றேன். இந்த வண்டிக்குச் சத்தம் இருக்காதே, வந்தது தெரியாமல் போய்விடுமோ என்று கொல்லை வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துரைசாமி அண்ணன் இரண்டு தரம் வந்து, "இன்னும் வரலியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாவது தரம் கேட்கவில்லை, அதுதான் இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை பாகாயத்துக்குப் போய் தேவசகாயம் சாரிடம் வீடு வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். மஞ்சள் வீட்டுச் சுவரிலிருந்து நம் பெட்டியைக் கழற்றிவிட்டேன். கொக்கியையும், தகரத்தையும்தான்.

மெர்சி


ஒடுகத்தூர்
12 அக்டோபர் 2025, ஞாயிறு

வேந்தா,

நீ பதில் எழுதவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. இது வேறு கடிதம். அவசரம், அதனால் இன்றைக்கே எழுதுகிறேன்.

நேற்று மதியம் டூட்டி முடிந்து வருகிறேன், மாடிப்படியில் உன் அம்மா உட்கார்ந்திருக்கிறார்கள். வியர்த்துக் கொட்டுகிறது. மடியில் ஒயர் கூடை. கூடையில் மேலே கொஞ்சம் முறுக்கு, அதற்குக் கீழே நீ சுருட்டி வைத்த கறுப்புப் பை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வேலூர் போகிறேன் என்று உன்னிடம் பொய் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பையைத் திறந்து ஒயரை என் கையில் கொடுத்தார்கள்.

"இதை இங்க சொருகிக்கோ. அவன் வந்தா ஒடனே திரும்பணும், கரண்டு இல்ல, அது இல்லன்னு சாக்கு சொல்லுவான். இது இங்க இருந்துச்சின்னா தங்கித்தானே ஆவணும்?"

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு ஒன்று கேட்டார்கள். "நான் எப்பம்மா அவனைப் புடிச்சி வெச்சேன்?"

எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாயே. தெருவுக்கே தெரியும்படி கேன்டீனில் கடிதம் படித்து, அங்கேயே பதிலும் எழுதினால் பாண்டியன் எட்டிப் பார்க்க மாட்டானா? அவன் பெண்டாட்டி தையல் செக்‌ஷனில்தானே இருக்கிறாள்? பாஸ்போர்ட்டாம், பாஸ்போர்ட்.

"அம்மாவை எப்படி வுடறதுன்னு உங்கிட்ட சொல்றானாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா? எனக்கு வேலை இருக்குது, வேன் இருக்குது, வேன்ல பத்துப் பேரு தோஸ்துங்க இருக்காங்க. ஞாயித்துக்கெழம ஆனா இவனுக்குக் கறி எடுத்து ஆக்கறதுலயே எனக்கு லீவு போவுது. நான் லைட்டைப் பாத்துக்கினு வர்றது இவன் இருக்கானான்னு இல்ல. பகல்லயும் லைட்டைப் போட்டு வெச்சிட்டுப் போயிருக்கானான்னு பாக்கறேன்."

வேந்தா, நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தார்கள். அப்புறம் கொஞ்சம் அழுதார்கள். விட்டுவிட்டு இருப்பது கஷ்டமாகத்தான் இருக்கும் என்று சொன்னார்கள். "கஷ்டம்னா கஷ்டம்தான். அதுக்காக ரெண்டு பேரு ரெண்டு ஊர்ல நிக்கறதா?"

இன்று காலை நான் வீட்டை வேண்டாம் என்று சொல்லப் பாகாயம் கிளம்பினேன். நானும் வர்றேன் என்று கூடவே பஸ் ஏறிவிட்டார்கள். தேவசகாயம் சார் கதவைத் திறந்ததும் நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய்விட்டார்கள். சமையலறையைப் பார்த்தார்கள், குழாயைத் திறந்து பார்த்தார்கள். வெளியே வந்து ஒவ்வொரு சுவராகத் தட்டினார்கள். நீ தட்டுவாயே, அதே மாதிரி. நீ யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று இப்போதுதான் தெரிந்தது. கடைசியில் பின்பக்கச் சுவரில் கை வைத்து, "இதுல மாட்டுனா நிக்கும். வீடு வேணும்னு சொல்லு" என்றார்கள்.

சொல்லிவிட்டேன்.

அத்தை இப்போது ஆம்பூர் பஸ் ஏறிவிட்டார்கள். ஒயர் என்னிடம் இருக்கிறது. நீ என்ன செய்யப்போகிறாய்?

மெர்சி


ஆம்பூர்
15 அக்டோபர் 2025

மெர்சி,

அப்பாடா என்றுதான் இருந்தது. நீ எழுதியது சரி. சிவப்பு லைட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அப்படித்தான் இருந்தது.

பாஷாவைக் கேட்டேன், கம்பெனி ஆளைக் கேட்டேன், மின்வாரியத்தில் நாலு பேரைக் கேட்டேன். உங்கள் இரண்டு பேரை மட்டும் கேட்கவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்ததும் கூடையை வைத்துவிட்டு, "மருமவளைப் பாத்துட்டு வந்தேன். வூடு நல்லா இருக்குது" என்று சொன்னாள். அவ்வளவுதான். எனக்கு உட்கார இடம் தெரியவில்லை.

கைப்பிடியைக் கம்பெனி ஆள் சரிபண்ணிவிட்டான். ஊசி மாதிரி ஒன்றை வைத்து ஏழு துளையையும் சுரண்டி எடுத்தான். எல்லாம் முடிந்து பச்சை லைட் வந்ததும், அப்படியே கழற்றிவிடுங்கள் என்றேன். அவனும் பாஷாவும் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "இன்னா தம்பி, தமாஷா?" என்றார் பாஷா. பாகாயத்துக்கு அவரே வந்து மாட்டித் தருகிறாராம், வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வருவாராம்.

பைப்படிச் சுவரில் நாலு ஓட்டை இருக்கிறது. சிமென்ட் வைக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள் அம்மா. அந்த ஓட்டையில் கொக்கி அடித்து, உன் கொடியில் ஒரு கிளையைப் பதியம் போட்டு இந்தப் பக்கமும் ஏற்றப் போகிறாளாம். எர்த் குழியில் ஊற்றுகிற தண்ணீர் அதற்கு ஆகும் என்கிறாள்.

சனிக்கிழமை வருகிறேன். வண்டி வீட்டிலேயே நிற்கட்டும். பஸ்ஸில் வருகிறேன். கையில் பிரியாணிப் பொட்டலம் இருக்கும். பதிலும் இருக்கும், ஆனால் அது உனக்கு இப்போதே தெரியும்.

வேந்தன்


பாகாயம்
23 நவம்பர் 2025, ஞாயிறு
(சார்ஜர் பெட்டியின் மேல் ஒட்டிவைத்தது)

வேந்தா,

எனக்கு ஞாயிறு டூட்டி, ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறேன். எழுப்ப மனசு வரவில்லை. போனில் சொன்னால் சண்டை வருமோ என்று எழுதவில்லை, பழக்க தோஷத்தில் எழுதுகிறேன்.

வண்டி சார்ஜில் இருக்கிறது. நான்தான் சொருகினேன், என் தோள் உயரம் சரியாகவே இருக்கிறது. நிரம்பியதும் கழற்றி கொக்கியில் மாட்டு, தரையில் போட்டால் கொன்றுவிடுவேன். குழிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்று, மழை பெய்தாலும் ஊற்று, அத்தை போனில் கேட்பார்கள். மதியம் ஆம்பூர் போய் அவர்களைக் கூட்டிக்கொண்டு வா. இந்தத் தடவை கறி நாம் எடுத்து ஆக்கலாம், நீதான் ஆக்க வேண்டும்.

கிழக்குச் சுவர் நமக்குக் கிடைக்கவில்லை. மஞ்சள் காம்பவுண்டு இல்லை, செம்பருத்தி இல்லை. பாத்ரூம் பைப் இறங்குகிற பின்பக்கச் சுவர்தான். சமையலறை ஜன்னலிலிருந்து பச்சை லைட்டும் தெரிவதில்லை, எட்டிப் பார்த்தால் பைப்தான் தெரிகிறது. பரவாயில்லை, எட்டிப் பார்த்தேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இங்கே வந்ததிலிருந்து எனக்குக் கனவே வருவதில்லை. நீ விடுகிற குறட்டையில் எங்கே வரும்? நன்றாகத் தூங்குகிறேன்.

மெர்சி